மாலை போட்ட இரண்டு படங்கள்

மெல்பர்னில் எங்கள் ஸ்பிரிங்வேல் பக்கத்து நூலகத்தில் வயதானவர்களுக்கென்று இலவசமாக ஏதாவது நடத்திக்கொண்டே இருப்பார்கள். நாற்காலியில் உட்கார்ந்தபடி யோகா, கைப்பேசியில் பணம் பறிகொடுக்காமல் இருப்பது எப்படி, கம்பளி பின்னுவது. சும்மா விட்டால் செத்துத் தொலைந்துவிடுவோம் என்று பயம்போல. போன குளிர்காலத்தில் ஓவிய வகுப்பு என்று ஒட்டியிருந்தார்கள். ஸ்பெயின் தேசத்து அரசவை ஓவியர் ஒருவர் தன் கடைசிக் காலத்தில் ராஜ குடும்பத்தை வரைந்த படங்கள். மூன்று புதன்கிழமைகள், காலை பத்தரை மணி, தேநீர் உண்டு. எனக்கு ஓவியமும் தெரியாது, ஸ்பெயினும் தெரியாது. பக்கத்து வீட்டு அக்கா கூப்பிட்டதால் போனேன். யாழ்ப்பாணத்துக்காரர், இங்கே முதியோர் இல்லத்தில் இருபது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இலவசம் என்றால் அவருக்கு எதுவும் கலைதான்.

பாடம் நடத்தியவள் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ஆசிரியை. கழுத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு மணிகள் கோத்த மாலை. முதலில் ராஜாவின் படத்தைத் திரையில் போட்டாள். கறுப்புச் சட்டை, தொங்கிய கண், முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும் கீழ்த்தாடை. கையில் வைத்திருந்த சிவப்பு வெளிச்சத்தை அந்தத் தாடையில் வைத்துச் சுற்றிச் சுற்றிக் காட்டினாள். மாட்டுச் சந்தையில் தரகன் பல்லைப் பிடித்துப் பார்ப்பான் இல்லையா, அந்த மாதிரி. இந்தத் தாடை எங்கிருந்து வந்தது தெரியுமா என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் அவளே சொன்னாள். தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்துக்குள்ளேயே கல்யாணம். இந்த ராஜா இரண்டாந்தாரமாகக் கட்டியது தன் தங்கச்சி மகளை.

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவள் நினைத்த காரணத்துக்காக இல்லை. தங்கச்சி மகளைக் கட்டுவது எங்களிலேயே முறை கிடையாது, அக்கா மகள்தான் முறை. ராஜாவாக இருந்தும் இது தெரியவில்லையே என்று நினைத்தேன்.

அடுத்து அந்த ராஜாவின் மகளை வரைந்த படங்கள். மூன்று வயதில் ரோஜா நிறத்தில் ஒன்று, ஐந்து வயதில் வெள்ளையில் ஒன்று, எட்டு வயதில் நீலப் பட்டில் ஒன்று. ஒவ்வொன்றிலும் பாவாடை விரிந்துகொண்டே போகிறது, முகம் மட்டும் அதே களைத்த முகம். ஓவியர் இவற்றை வரைந்தது அரண்மனைச் சுவரில் மாட்ட அல்ல என்றாள் மணிமாலைக்காரி. வியன்னாவில் இருந்த மாப்பிள்ளைக்கு அனுப்புவதற்காகவாம். பெண் எப்படி வளர்கிறாள் என்று அவர் பார்த்துக்கொள்ள வேண்டுமே. அந்த மாப்பிள்ளை வேறு யாருமில்லை, பெண்ணின் அம்மாவுக்குக் கூடப்பிறந்த தம்பி.

அறையில் பத்துப் பதினைந்து பேர் இருந்திருப்போம். எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சை உள்ளே இழுத்தார்கள். அவளுக்கு அது பிடித்திருந்தது. கல்யாணமான பிறகும் அந்தப் பெண் தன் கணவனை மாமா என்றேதான் கூப்பிட்டாளாம் என்று இன்னும் கொஞ்சம் எடுத்துவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நாய் இறந்ததற்கு மூன்று மாதம் துக்கம் கொண்டாடுகிறவர்கள், ஒரு சின்னப் பெண்ணின் தலையெழுத்தைப் பார்த்து பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே சிரித்தார்கள்.

அக்கா என் காதோரம் குனிந்தார். "சீ, தாய்மாமனையோ? என்ன கண்றாவி உது. எங்கட ஆக்கள் ஒருநாளும் உப்பிடிச் செய்யமாட்டினம்."

இதைச் சொன்ன அக்கா கட்டியிருப்பது சொந்த அத்தை மகனை. "நீங்களும் சொந்தத்துலதானே கட்டியிருக்கீங்க?" என்றேன்.

"ஓம், ஆனா அது மச்சான். அது வேறை, இது வேறை."

மாமனின் மகனும் அத்தையின் மகனும் என்றால் சொந்தம், மாமன் என்றால் கண்றாவி. அவரவர் வேலி அவரவருக்கு. நான் தேநீரைக் குடித்தேன். என் வீட்டுக்காரர் என் அம்மாவுக்குக் கூடப்பிறந்த தம்பி. நாற்பது வருஷத்துக்கு மேலாக நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுகிறேன்.

கோவில்பட்டியில் எனக்குக் காது குத்தியது அவர் மடியில் உட்காரவைத்துத்தான். எனக்கு மூன்று வயது, அவருக்குப் பதினைந்து. மொட்டைத் தலையோடு நான் வாயைப் பிளந்து அழுகிறேன். அரும்பு மீசையோடு அவர் காமிராவைப் பார்த்து முறைக்கிறார். அந்தப் படம் இன்னும் இருக்கிறது. பிறகு அவர் படிக்க வெளியூர் போனார், வேலைக்கு வடக்கே போனார், அங்கிருந்து மெல்பர்னுக்கு வந்தார். அம்மா ஒவ்வொரு பொங்கலுக்கும் என்னை ஸ்டூடியோவுக்கு இழுத்துக்கொண்டு போய், படிக்கட்டு வரைந்த திரைக்கு முன்னால் நிறுத்தி, "மாமாவுக்கு அனுப்பணும், நேரா நில்லு" என்பாள். பாவாடை வருஷா வருஷம் நீண்டது. ஒரு வருஷம் தாவணி வந்தது. இருபது வயதில் படத்துக்குப் பதிலாக என்னையே அனுப்பிவைத்தார்கள். சம்மதமா என்று என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பேன், வேறு எந்த ஆண்பிள்ளையையும் எனக்குத் தெரியாது.

இதையெல்லாம் மறைக்க வேண்டும் என்று ஊரில் யாருக்கும் தோன்றியதில்லை. அங்கே இது பெருமை, உரிமை. வந்து சேர்ந்த இரண்டாவது வாரம் இவருடைய மேலதிகாரி வீட்டுத் தோட்டத்தில் கறி சுட்டுச் சாப்பிடும் விருந்து. எப்படிச் சந்தித்தீர்கள் என்று யாரோ கேட்டார்கள். வாயைத் திறக்கவே திறக்காத மனுஷன் அன்றைக்குப் பார்த்துத் திருவாய் மலர்ந்தார். "ஷீ இஸ் மை சிஸ்டர்ஸ் டாட்டர்" என்றார், சிரித்துக்கொண்டே. கரி அடுப்பில் கொழுப்பு பொரியும் சத்தம் மட்டும் கேட்டது. ஒருத்தி என் கையிலிருந்த தட்டைப் பார்த்தாள், பிறகு என் வயிற்றைப் பார்த்தாள். எனக்கு அப்போது அவ்வளவாக இங்கிலீஷ் வராது. அந்தப் பார்வைக்கு இங்கிலீஷ் தேவைப்படவில்லை.

அன்றைக்கு ராத்திரியே சொல்லிவிட்டேன், இனிமேல் இந்த ஊரில் ஒருத்தரிடமும் இதைச் சொல்லக் கூடாது என்று. "சரி" என்றார். எதற்கும் அவர் பதில் அதுதான். இன்றைக்கு நினைத்தால் அந்த "சரி"யின் மீதுதான் எனக்கு முதலில் கோபம் வருகிறது. ஒரு தரமாவது "ஏன்" என்று கேட்டிருக்கலாம்.

என் மகளுக்கு ஒரு வயதாக இருக்கும்போது ஊரில் அம்மா போய்விட்டாள். இவர் தன் பெட்டியில் இருந்த ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைச் சட்டம் போட்டு, மாலை போட்டு, சாமி அறையில் மாட்டினார். பஃப் கை வைத்த ரவிக்கையில் முப்பது வயது அம்மா. மகள் கொஞ்சம் வளர்ந்து, இது யார் என்று கேட்டபோது, "என் அக்கா, உனக்கு அத்தை" என்று சொல்லிவிட்டார். இவரைப் பொறுத்தவரை அது உண்மைதானே. அப்படியானால் உன் அம்மா எங்கே என்று பிள்ளை என்னிடம் வந்தாள். எனக்கு வேறு வழி தெரியவில்லை. ரேஷன் கார்டுக்கு எடுத்த அம்மாவின் வயதான படம் ஒன்று என்னிடம் இருந்தது. அதைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, எதிர்ச் சுவரில் மாட்டி, "இது என் அம்மா, உனக்குப் பாட்டி" என்றேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதென்பது இதுதான். ஒரே மனுஷிக்கு இரண்டு படம், இரண்டு மாலை, இரண்டு முறை. நினைவு நாளும் இரண்டு. பாட்டிக்குத் திதிப்படி, அத்தைக்கு இங்கிலீஷ் தேதிப்படி. வருஷத்துக்கு இரண்டு தரம் வடை பாயசம் சாப்பிட்ட ஒரே ஆவி என் அம்மாவாகத்தான் இருக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் குடும்ப மரம் வரையச் சொன்னபோது மகள் அவளை இரண்டு கிளையில் உட்காரவைத்து வரைந்தாள். ஆசிரியை நட்சத்திரம் ஒட்டி அனுப்பினாள். "அத்தையும் பாட்டியும் ஒரே மாதிரி இருக்காங்களேம்மா?" என்று ஒருநாள் கேட்டாள். "எங்க ஊர்ல எல்லாரும் அப்படித்தான் இருப்போம்" என்றேன். ஊருக்கு அவளைக் கூட்டிப்போனது இரண்டே தடவை. இரண்டு தடவையும் மதுரையிலும் ராமேஸ்வரத்திலும் கோயில் கோயிலாகச் சுற்றிக் காட்டிவிட்டு, கோவில்பட்டிச் சொந்தக்காரர்கள் வாயைத் திறப்பதற்குள் விமானம் ஏற்றிவிட்டேன். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என்னுடையது ஓடிக்கொண்டே இருந்தது.

முதல் வகுப்பு முடிந்த ஞாயிற்றுக்கிழமை மகள் போன் பண்ணினாள். அவளுக்கு அப்போது முப்பத்துநான்கு வயது, பத்து வார கர்ப்பம், முதல் பிள்ளை.

"ஆஸ்பத்திரில ஃபேமிலி ஹிஸ்டரி கேட்டாங்கம்மா. அண்ணா ஒருத்தன் இருந்தான், சின்னதுலயே போயிட்டான்னு எழுதினேன். உடனே ஜெனடிக் கவுன்சிலர்கூடப் பேசச் சொல்லிட்டாங்க. வியாழக்கிழமை பதினோரு மணிக்குக் கூப்பிடுவாங்க. அவனுக்கு என்னதான் ஆச்சு?"

"காய்ச்சல்" என்றேன்.

"என்ன காய்ச்சல்? பேரு என்ன? தெரிஞ்சா எங்கிட்டயும் அது இருக்கான்னு டெஸ்ட் பண்ணுவாங்களாம். எங்கிட்ட இருந்தா இவருக்கும் பண்ணணும். பேபிக்கு வராம பாக்கணும்ல." பிறகு சிரித்துக்கொண்டே சொன்னாள். "உங்க பேரன்ட்ஸ் ரிலேட்டடான்னுகூட ஒரு கேள்வி. நோன்னு போட்டுட்டேன்."

"வியாழக்கிழமை இங்க வந்துரு" என்றேன்.  இவர் சோபாவில் உட்கார்ந்து கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் காதில் விழுந்திருக்கும். ஆனால் திரும்பிப் பார்க்கவில்லை. ஓவர் முடியட்டும் என்று காத்திருந்தாரோ என்னவோ.

எங்கள் மகனைப் பற்றி எங்கள் வீட்டில் பேசுவதில்லை. ஒரு மகன் பிறந்தான், போய்விட்டான் என்பது மகளுக்குத் தெரியும், அவ்வளவுதான். அவன் படம்கூடச் சுவரில் கிடையாது. அம்மாவுக்கு இரண்டு படம் மாட்டிய வீட்டில் அவனுக்கு ஒன்று இல்லை.

அந்தப் புதன்கிழமை வகுப்புக்குப் போகாமல் இருந்திருக்கலாம். வீட்டில் இவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட ராஜாவின் தாடையே மேல் என்று போனேன். மணிமாலைக்காரி அன்றைக்கு ராஜகுமாரனின் படத்தைப் போட்டாள். ஓவியர் தான் சாவதற்கு முந்தின வருஷம் வரைந்ததாம். இரண்டு வயதுப் பையன். சிவப்புப் பாவாடை, அதன்மேல் வெள்ளை மேலாடை. வெளிறின முகம், கண்ணுக்குக் கீழே கருப்பு. ஒரு சின்னச் சிவப்பு நாற்காலியின் முதுகில் ஒரு கையை வைத்துக்கொண்டு நிற்கிறான். நாற்காலியில் ஒரு நாய்க்குட்டி. அவன் நெஞ்சிலும் இடுப்பிலும் என்னென்னவோ தொங்குகின்றன. சலங்கை, பவளம், கறுப்புக் கல், தாயத்து.

அவள் சிவப்பு வெளிச்சத்தை ஒவ்வொன்றின்மேலும் வைத்தாள். இவையெல்லாம் கண்ணேறு படாமல் இருக்கவாம். முன்பு பிறந்த பிள்ளைகள் நிறையப் பேர் செத்துப்போனதால் இவனுக்கு இவ்வளவு கட்டுக்காவல். ஐரோப்பாவிலேயே பெரிய சாம்ராஜ்யம், பிள்ளையைக் காப்பாற்ற மணி கட்டிவிட்டார்கள் பாருங்கள் என்றாள். நான்கு வயது முடிவதற்குள் பையன் போய்விட்டானாம். மணி வேலை செய்யவில்லை என்று சொல்லிச் சிரித்தாள்.

சிரிக்கட்டும். பிள்ளை கண்முன்னால் கரைந்துகொண்டே போகும்போது மணி கட்டாமல் வேறு என்ன செய்வாள் ஒருத்தி? கல்லூரியில் படித்திருந்தால் கட்டமாட்டாளா? நான் கட்டினேன். இந்த மெல்பர்னில், ஹீட்டர் போட்ட வீட்டில், என் மகன் இடுப்பில் வெள்ளி அரைஞாண், கழுத்தில் தாயத்து, கையில் வசம்பு வளையல், காலில் கறுப்புக் கயிறு. அவனுக்கு ஒரு வயது தாண்டியும் நிற்க வரவில்லை. ஸ்டூடியோக்காரன் ஒரு சின்ன நாற்காலியைக் கொடுத்து அதைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னான். ஒரே ஒரு நிமிஷம் நின்றான். அந்த ஒரு நிமிஷத்துப் படம் இருக்கிறது. நாய்க்குட்டி மட்டும்தான் இல்லை, மற்றபடி அந்த ராஜகுமாரன் என் மகன்தான். அதே கை, அதே கண்.

பிறகு நின்றதும் மறந்துபோயிற்று. கழுத்தும் தொங்கிவிட்டது. வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார டாக்டர் ஒருவர், வயதானவர், என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மெதுவாகத்தான் கேட்டார். நீங்கள் இரண்டு பேரும் ரத்த உறவா?

இவர் வாயைத் திறந்தார். நான் மேஜைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன்.

"நோ" என்றேன்.

அந்த டாக்டர் என்னைப் பார்த்தார், பிறகு எழுதிக்கொண்டார். இரண்டு வாரம் கழித்து அதே கேள்வியை இன்னொரு விதமாகக் கேட்டார். மறுபடியும் நோ. கறி சுட்ட தோட்டத்தில் என் வயிற்றைப் பார்த்தாளே ஒருத்தி, அவள் முகம்தான் எனக்கு முன்னால் நின்றது. மகன் ஒரு வருஷம் பத்து மாதம் இருந்தான். நோய்க்குப் பெயர் தெரியவில்லை என்றுதான் கடைசியில் சொன்னார்கள்.

நான் அழுவதை அக்கா அப்போதுதான் பார்த்தார். என்னைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்து காரில் உட்காரவைத்தார். தண்ணீர்ப் போத்தலைத் திறந்து கொடுத்தார். எனக்கு அவர்மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. நல்லது செய்கிறவர்மேல்தானே கோபம் வரும்.

"போன வாரம் கண்றாவின்னீங்களே அக்கா, அந்தக் கண்றாவி நான்தான். எங்க வீட்டுக்காரர் என் தாய்மாமன்" என்றேன்.

அக்கா சாவியைப் போடவில்லை. கண்ணாடி வழியாகக் கார் நிறுத்தத்தைப் பார்த்தபடி இருந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், மேஜைக்கு அடியில் மிதித்ததுவரைக்கும். வேறு ஒருவரிடம் சொல்வது அதுதான் முதல் தடவை. மழை பிடித்துக்கொண்டது. தள்ளுவண்டிகளை ஒருத்தன் வரிசையாகக் கோத்துத் தள்ளிக்கொண்டு போனான்.

"அப்ப உங்கட அம்மா உங்களுக்கு மச்சாள் முறையெல்லோ" என்றார் அக்கா கடைசியில். அவ்வளவு நேரம் யோசித்து அவர் கண்டுபிடித்தது, என் அம்மா எனக்கு நாத்தனார் என்பதைத்தான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என்னட்டைச் சொல்லி என்ன? பிள்ளையிட்டைச் சொல்லுங்கோ. நாளைக்குக் காலமை சொல்லுங்கோ" என்று வண்டியை எடுத்தார்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு மகள் வந்தாள். வந்ததும் வராததுமாக ஊறுகாய் கேட்டாள். சாப்பாட்டு மேஜையில் நான் இரண்டு படங்களையும் சுவரிலிருந்து கழற்றி, மாலையை எடுத்துவிட்டு, பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தேன். எப்படிச் சொல்வது என்று ராத்திரி முழுக்க ஒத்திகை பார்த்திருந்தேன். இவர் சமையலறை வாசலில் ஈரக் கையோடு நின்றார்.

"ரெண்டும் ஒரே ஆள்" என்றேன்.

மகள் ஊறுகாய்க் கரண்டியை வாயில் வைத்தபடி குனிந்து பார்த்தாள். முப்பது வயதுக்காரியின் மூக்கோரம் ஒரு மரு. அறுபது வயதுக்காரியின் மூக்கோரமும் ஒரு மரு. முப்பது வருஷமாக இரண்டு பேருக்கும் விளக்கேற்றிய பிள்ளை அதை அன்றைக்குத்தான் பார்த்தாள். மாலையை நான் எப்போதும் தடிமனாகத்தான் போடுவேன்.

"புரியல" என்றாள்.

"அது அக்கா" என்றார் இவர், வாசலிலிருந்து. "எங்க அக்கா. இவ அம்மா." அவ்வளவு நீளமான வாக்கியம் அவரிடமிருந்து வந்து எத்தனை வருஷமாயிற்று. உள்ளே போய்த் தன் அலமாரியிலிருந்து இரண்டு படங்களை எடுத்துவந்து மேஜையில் வைத்தார். ஒன்று என் காதுகுத்துப் படம். இன்னொன்று நாற்காலியைப் பிடித்து நிற்கும் மகன். அதை நான் என் பெட்டியில் பூட்டி வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். எப்போது எடுத்தார், எத்தனை தரம் எடுத்துப் பார்த்தார், எனக்குத் தெரியாது. இவர் இன்னொரு பிரதி போட்டுக்கூட வைத்திருந்திருக்கலாம். நான் கேட்டதில்லை.

மகள் காதுகுத்துப் படத்தைக் கையில் எடுத்தாள். மடியில் வைத்திருக்கும் பையனைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். தமிழ்ப் பிள்ளைதானே, யார் மடியில் காது குத்துவார்கள் என்று அவளுக்குத் தெரியும். நான் எதிர்பார்த்தது அருவருப்பு. அந்த முகத்தைத்தான் இத்தனை வருஷம் பயந்து பயந்து தள்ளிப்போட்டேன். அவள் முகத்தில் அது வரவில்லை. வந்திருந்தால்கூடச் சமாளித்திருப்பேன், எதிர்த்துப் பேச நூறு பதில் தயாராக வைத்திருந்தேன்.

பதினோரு மணிக்குப் போன் அடித்தது. மகள் ஒலிபெருக்கியில் போட்டாள். இளம்பெண்ணின் குரல், தன் பெயரைச் சொன்னாள், மகளின் பிறந்த தேதியைச் சரிபார்த்தாள். மகள் படிவத்தில் ஒரு பதிலை மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டு, போனை என் பக்கம் நகர்த்தினாள். "அம்மாவே சொல்லுவாங்க."

உங்களுக்கும் உங்கள் கணவருக்கும் ரத்த உறவு உண்டா என்று கேட்டது குரல்.

"யெஸ்" என்றேன். "ஹீ இஸ் மை மதர்ஸ் பிரதர்."

தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. நன்றி, இது எங்களுக்கு ரொம்ப உதவும் என்றாள். அடுத்து, குடும்பத்தில் யாருக்காவது சர்க்கரை நோய் உண்டா என்று கேட்டாள். அவ்வளவுதான். மூச்சை இழுக்கவில்லை, வயிற்றைப் பார்க்கவில்லை. அரை நிமிஷம்கூட ஆகவில்லை. இதற்காகவா ஒருத்தியை இரண்டாக வெட்டி இரண்டு சுவரில் மாட்டினேன், இதற்காகவா அவர் காலை மிதித்தேன்? என்னைப்போல ஒரு முட்டாள் ஸ்பெயின் அரண்மனையிலும் இருந்திருக்கமாட்டாள்.

அந்தப் பெண் பொறுமையாக விளக்கினாள். அம்மாவிடமும் அப்பாவிடமும் ஒளிந்துகொண்டிருந்து, இரண்டும் சேர்ந்தால் மட்டும் பிள்ளைக்கு வருகிற நோய்கள் உண்டு. சொந்தத்தில் கட்டியவர்களுக்கு அது சேர்ந்துபோகிற வாய்ப்பு கூடுதல். மகனின் பழைய கோப்பு ஆஸ்பத்திரியில் கிடைக்குமா என்று தேடுவார்கள். மகளுக்கும் மருமகனுக்கும் ரத்தம் எடுப்பார்கள். மருமகன் சொந்தமில்லை என்பதால் அதிகம் பயப்பட வேண்டியதில்லை. என்ன தேட வேண்டும் என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்றாள். அவற்றில் சிலவற்றுக்கு, சீக்கிரமே கண்டுபிடித்தால், சாப்பாட்டை மாற்றியே பிள்ளையைக் காப்பாற்றிவிடுகிறார்கள் என்றும் சொன்னாள். ஆறுதலுக்காகத்தான் சொன்னாள்.

போனை வைத்தாயிற்று. மகள் தன் அண்ணனின் படத்தை எடுத்துத் துப்பட்டாவால் துடைத்தாள். அவள் அவனை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறாள். அரைஞாண், தாயத்து, வசம்பு வளையல் என்று ஒவ்வொன்றாக விரலால் தொட்டாள். சுவரில் அத்தை படம் இருந்த ஆணி சும்மா இருந்தது. எழுந்துபோய் அவனை அதில் மாட்டினாள். முதுகைக் காட்டியபடியே கேட்டாள்.

"அண்ணாவுக்கும் இதே கேள்வியத்தான் கேட்டாங்களாம்மா?"

"ஆமா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

இவர் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தார். வாயைத் திறந்தார். இந்தத் தடவை நான் மிதிக்கவில்லை. ஆனாலும் அவர் சொல்லவில்லை, எனக்காகக் காத்திருந்தார்.

"இல்லைன்னு சொன்னேன்" என்றேன். "நான்தான் சொன்னேன். ரெண்டு தடவ."